பந்தும் பாடநூலும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் கழகத்தின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

இளைஞர் அமர்வில் எதைப் பற்றிப் பேசலாம் என்று மாலை வகுப்பு மாணவர்களையே கேட்டோம். "கால்பந்து" என்று ஒரே குரலில் விடை வந்தது. கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கால்பந்தா என்று பெரியோர் சிலர் புருவம் உயர்த்தினர். அவர்கள் வியப்பில் நியாயம் உண்டு. ஆயினும் மாணவர்கள் கேட்டது நல்ல வினா என்றே நாங்கள் கருதுகிறோம். அந்த வினாவில் நம் கழகத்தின் பழைய கடன் ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

கழகம் தொடங்கிய நாளில் மாலை வகுப்புக்கு வராத பையன்களைத் தேடி நாங்கள் ஏரிக்கரைக்குப் போவோம். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் கோடையில் வற்றினால் அவற்றின் படுகைதான் நம் பிள்ளைகளின் மைதானம். அங்கே போய்ப் பந்தைப் பிடுங்கிவந்து அலமாரியில் பூட்டி வைப்போம். பந்தைப் பூட்டினால் பிள்ளைகள் படிப்பார்கள் என்று நம்பினோம். சிலர் படித்தார்கள். சிலர் பந்தையும் விட்டார்கள், படிப்பையும் விட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்க்கும்போது, பந்தும் பாடநூலும் பகைவர் என்று நாங்கள் எண்ணியது பிழை என்று தெரிகிறது. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள நமக்கு உதவும் வரலாறு ஒன்று உண்டு. அது இந்திய இளையோர் கால்பந்து அணியின் வரலாறு.

கால்பந்து நம் நாட்டில் எளியோரின் ஆட்டமாகவே வேரூன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றின் அணியை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். விடுதலைக்குப் பின் 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றளவும் அதுவே.

இளையோர் அணியின் பொன்னாள் 1974ஆம் ஆண்டில் வந்தது. பாங்காக் நகரில் நடைபெற்ற ஆசிய இளைஞர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 என்று சமநிலையில் முடித்துக் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. நம் அணிக்குத் தலைமை தாங்கியவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி. இளையோருக்கான உலகக் கோப்பை அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1977இல் தூனிசியாவில்தான் தொடங்கிற்று. ஆதலால் ஆசியாவை வென்ற அந்தப் பிள்ளைகளுக்கு உலக அரங்கின் கதவு திறக்கவில்லை. கதவு திறந்த பின்னரோ, தகுதிச் சுற்றில் வென்று அதனுள் நுழையும் வலிமை நமக்கு வாய்க்கவில்லை. நல்ல அணி ஒன்று தோன்றுவது வேறு, ஆண்டுதோறும் அணிகளை உருவாக்கும் ஏற்பாடு வேறு. முன்னது நம்மிடம் இருந்தது. பின்னது இல்லை. நம் சமுதாயத்தில் ஆங்காங்கே ஒரு பட்டதாரி தோன்றி, அவருக்குப் பின் தெருவே இருண்டு கிடந்த காலத்தை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

பல பத்தாண்டுகள் கடந்தன. 2017ஆம் ஆண்டு அக்டோபரில், பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடைபெற்றது. போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. அக்டோபர் 6ஆம் நாள் தில்லியில் அமெரிக்காவிடம் 0-3 என்று தோற்றோம். 9ஆம் நாள் கொலம்பியாவுடன் ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில், 82ஆம் நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் மூலையிலிருந்து உதைத்த பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். உலகக் கோப்பை எதிலும் இந்தியா அடித்த முதல் கோல் அது. அரங்கின் ஆரவாரம் அடங்குமுன் கொலம்பியா மீண்டும் ஒரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. அடுத்து கானாவிடம் 0-4 என்று தோற்று வெளியேறினோம்.

மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த இருபத்தொரு பிள்ளைகளும் எந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். அணித்தலைவர் அமர்ஜித் சிங் கியாமின் தாயார் மணிப்பூரில் மீன் விற்றவர். ஜீக்சனின் தாயார் காய்கறி விற்றவர். சஞ்சீவ் ஸ்டாலினின் தாயார் பெங்களூரு நடைபாதையில் துணி விற்றவர். கோமல் தட்டாலின் பெற்றோர் சிக்கிமில் தையல் தொழிலாளர். அனிகேத் ஜாதவின் தந்தையார் ஆட்டோ ஓட்டியவர். ஜிதேந்திர சிங்கின் தந்தையார் காவலாளி. நம் தெருவில் கதவைத் தட்டினால் இதே தொழில்கள்தாமே நம்மை எதிர்கொள்ளும்?

இருபத்தொருவரில் எட்டுப் பேர் மணிப்பூர் என்னும் சிறு மாநிலத்தவர். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. இது ஏன்? நம் பிள்ளைகளின் காலில் வலு இல்லையா? அப்படி யாரும் சொல்ல முடியாது. வடசென்னையின் வியாசர்பாடியைப் பாருங்கள். அந்த நெருக்கடியான குடியிருப்பிலிருந்து தனபால் கணேஷ் வந்தார். 2017-18இல் பட்டம் வென்ற சென்னையின் அணியில் ஆடினார். அதே பகுதியைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், 2023 ஆகஸ்ட் 12ஆம் நாள் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து வெற்றி தேடித் தந்தார். வியாசர்பாடியில் முடிந்தது தாம்பரத்தில் முடியாதா? முடியும். ஆனால் அதற்குக் கால்வலு மட்டும் போதாது.

முதலாவது, வயதுச் சான்று. இளையோர் அணி என்பதே பிறந்த நாளைக் கொண்டு வகுக்கப்படுவது. 2017 உலகக் கோப்பையில் ஆட வேண்டுமானால் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளோ அதன் பின்னரோ பிறந்திருக்க வேண்டும். ஒரு நாள் முந்திப் பிறந்தவருக்கும் இடமில்லை. மணிக்கட்டு எலும்பைக் காந்த அதிர்வுப் படம் எடுத்து வயதைச் சரிபார்க்கும் முறையும் 2009 முதல் உண்டு. இனி எங்கள் பழைய கடனுக்கு வருகிறோம். கழகத்தின் முதலாண்டில் எங்கள் மாலை வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். பெயர் வேண்டா. நாங்கள் பந்தைப் பூட்டினாலும் துணியைச் சுருட்டி ஆடியவர். மாவட்டத் தேர்வுக்கு அவரை அழைத்தார்கள். பள்ளிச் சான்றைப் பார்த்தார்கள். வயது கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். உண்மையில் அவருக்கு வயது கடக்கவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதிவு செய்யவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். உயரமான பிள்ளை, எளிதில் தொட்டுவிட்டார். மனத்தில் பட்ட ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு தேதி அவருக்கு இரண்டு ஆண்டுகளைக் கூட்டிவிட்டது. அதைத் திருத்த வழியுண்டா என்று அவருடைய தந்தையார் எங்களிடம் கேட்டபோது, "பந்துக்காகவா இவ்வளவு அலைச்சல்?" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கல்விக் கழகம் என்று பெயர் வைத்துக்கொண்ட நாங்கள் ஒரு மனு எழுதித் தரவில்லை. அவர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னிலையில் எங்கள் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை பிறந்த இருபத்தொரு நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். பெயர் சூட்டியதும் அந்தப் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் அந்தச் சான்றே ஆதாரம் என்று சட்டம் சொல்கிறது. பந்தாடும் பிள்ளைக்கு மட்டுமன்று, எல்லாப் பிள்ளைக்கும் அதுவே முதல் சொத்து.

இரண்டாவது, இடம். நாம் ஆடிய ஏரிப் படுகைகள் சுருங்கிவிட்டன. புறம்போக்கு நிலங்கள் மனைகளாயின. எஞ்சிய மைதானங்கள் சிலவற்றில் நம் பிள்ளைகளை இன்னும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். "எந்தத் தெரு?" என்ற கேள்வியின் பொருள் நமக்குத் தெரியாததன்று. இளைஞர்கள் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுவிடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம், தடுக்கலாகாது என்று 1924ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தவர் நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன். நம் பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா அவர்களோ பள்ளி ஆசிரியராக இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். ஒருவர் நமக்கு இடத்தைக் கேட்டார், மற்றவர் பாடத்தைக் கொடுத்தார். மைதானமும் பொதுவிடமே. அதைச் சண்டையிட்டுப் பெற வேண்டா. மாநகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகைச் சீட்டுப் பெற்று, விடாது தொடர்ந்து பெறுவோம். மனு எழுதக் கற்ற இளைஞர் ஒருவர் தெருவுக்கு ஒருவராக இருந்தால் போதும்.

மூன்றாவது, பள்ளி. ஜீக்சனும் அமர்ஜித்தும் ஊரை விட்டுச் சண்டிகரில் உள்ள பயிற்சிக் கூடத்துக்குச் சென்றனர். அங்கே தங்கும் இடம், உணவு, பள்ளி, பயிற்சி எல்லாம் ஒருசேரக் கிடைத்தன. படிப்பை விட்டுவிட்டு ஆட வந்தவர்கள் அல்லர் அவர்கள். ஆட்டக்காரனின் காலம் குறுகியது. அன்வர் அலியைப் பாருங்கள். 2017 அணியில் ஆடியவர். 2018 ஆகஸ்டில் ஸ்பெயின் நாட்டில், இருபது வயதுக்குட்பட்ட இந்திய அணி பத்துப் பேருடன் ஆடி அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது. மறு ஆண்டே இதயக் குறை இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். ஆடக்கூடாது என்று தடுக்கப்பட்டார். உயர்நீதிமன்றம் வரை போய், மீண்டும் களத்துக்கு வந்து, நாட்டின் முதன்மை அணியிலும் இடம்பெற்றார். அவர் மீண்டது மகிழ்ச்சி. ஆனால் மீளாதவர் எத்தனை பேர்? முழங்கால் முறிந்த அன்று கையில் பத்தாம் வகுப்புச் சான்றுகூட இல்லாத பிள்ளை எங்கே போவான்? கையில் சான்று இருந்தால் ரயில்வேயோ வங்கியோ காவல்துறையோ கதவு திறக்க இடமுண்டு. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியப் பெண்கள் அணியில் ஆடினார். இன்னொரு புறம் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்றார்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பையும் நம் நாட்டில் நடைபெற்றது. இந்திய அணியின் தலைவி அஸ்தம் ஓராவ்ன், ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்து ஆதிவாசிப் பெண். உலகக் கோப்பையில் ஆடும் பெண்ணின் ஊர் என்பதால் அவர் வீட்டுக்குச் சாலை போட்டார்கள். அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே கூலிக்கு மண் சுமந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று அணி தோற்றது. தோற்றதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அன்று களத்தில் நின்ற பெண்களுக்கு முன் அந்த இடத்தில் நின்ற இந்தியப் பெண் எவரும் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு மூன்றாம் வகுப்பில் தேர்ச்சி கிடைத்தாலும் அந்த வீட்டுக்கு அது முதல் வகுப்பே. இதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

எனவே வெள்ளி விழா ஆண்டில் கழகத்தின் சார்பில் நாங்கள் நான்கு உறுதிகளை அளிக்கிறோம். நம் பகுதியில் பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளின் பட்டியலை இந்த ஆண்டுக்குள் எடுத்து, ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் எழுதித் தருவோம். மைதானத்துக்கான மனுவைக் கழகமே முன்னின்று கொடுக்கும். மாலை வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் ஆட்டம், அடுத்த இரண்டு மணி நேரம் பாடம் என்று வகுப்போம். பாடத்துக்கு வராதவருக்கு மறுநாள் பந்து இல்லை, ஆட்டத்துக்கு வரும் பெண்பிள்ளைக்குத் தடையும் இல்லை. நான்காவதாக, ஆண்டுக்கு ஒரு முறை நம் பிள்ளைகளை மின்சார ரயிலில் ஏற்றி, பூங்கா நிலையத்தில் இறக்கி, நேரு விளையாட்டரங்கில் ஓர் ஆட்டத்தைப் பார்க்கச் செய்வோம். அந்தப் பச்சைப் புல்வெளி தங்களுக்கும் உரியது என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும்.

இறுதியாக ஒரு செய்தி. எங்கள் அலமாரியில் பூட்டியிருந்த பந்துகளை நேற்று எடுத்துப் பார்த்தோம். தோல் வெடித்துப் போய்விட்டது. காற்று நிற்கவில்லை. அவற்றுக்கு ஈடாகப் புதிய பந்துகள் ஆறு வாங்கி வந்திருக்கிறோம். இன்று மாலை அவற்றை மாணவர்களிடம் ஒப்படைப்பவர், முன்பு நாங்கள் மனு எழுதித் தர மறுத்த அந்தப் பழைய மாணவர். அவருடைய மகள் நம் மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். அவளுடைய பிறப்புச் சான்றைப் பிறந்த மாதத்திலேயே வாங்கிவிட்டதாக அவர் எங்களிடம் சொன்னார். நாங்கள் கற்பிக்கத் தவறிய பாடத்தை அவர் தாமே கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் பந்தை அவளே உதைக்கட்டும்.