வராத பாக்கியும் ஓடும் கெடுவும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தொழில் நடத்தும் அங்கத்தினர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்பதுதான். போகலாம், முதலில் தேதியைப் பாருங்கள்.

செக் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும்.

உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர்கள் 45 நாளுக்கு மேல் நின்ற பாக்கியை, 2006-ஆம் வருஷச் சட்டப்படி கூட்டு வட்டியோடு கேட்டு, ஃபெஸிலிடேஷன் கவுன்ஸிலில் மனுச் செய்யலாம்.

சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 வருஷம் கெடு. "அடுத்த மாதம் தருகிறேன்" என்று ஃபோனில் சொன்னால் அது நீளாது. கெடு முடியுமுன் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். பழகியவராயிற்றே என்று கூச்சப்படாமல் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.