நகராத பாறை



மாலை வேளையில் முட்டம் கடற்கரைப் பாறைகளைப் படமெடுக்கப் பலர் வருவதைப் பார்க்கிறோம். கதிரவன் மறைந்து வெளிச்சம் குறைந்ததும், கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரைச் சில நொடிகள் திறந்தே வைக்கிறார்கள். ஓயாமல் அடிக்கும் அலைகள் படத்தில் வெண்புகையாகின்றன. பாறை மட்டும் தெளிவாக நிற்கிறது.

அதே படத்தைக் கையில் பிடித்து எடுத்தால் பாறையும் கலங்கலாகவே விழும். பாறை நகர்ந்ததாலா? இல்லை, கை நடுங்கியதால்.

2017-இல் ஒக்கிப் புயலின்போது கடலுக்குச் சென்றிருந்தவர்களுக்காக நம் கரையோரக் குடும்பங்கள் காத்திருந்தன. பலர் திரும்பவில்லை. அத்தகைய வேளையில் "ஆண்டவர் எங்கே?" என்று கேட்பவர்களை நம்பிக்கையற்றவர்கள் எனத் தீர்ப்பிட வேண்டாம். துயரத்தில் நடுங்கும் உள்ளத்துக்கு, நம் கற்பாறையாம் ஆண்டவரும் கலங்கலாகவே தெரிவார்.

நடுங்கும் கையை அறிவுரை நிறுத்தாது. அதற்குத் தாங்குதல் வேண்டும். இவ்வாரம் இழப்பில் வாடும் ஒரு வீட்டுக்குச் செல்வோம். அதிகம் பேசாமல் அருகில் அமர்வோம். அவர்களுக்கு நாம் முக்காலியாக இருப்போம். பாறை அங்கேயேதான் இருக்கிறது. அது அவர்கள் கண்ணுக்கு மீண்டும் தெளியும்வரை உடனிருக்கும் அருளை மன்றாடுவோம். ஆமென்.