எஞ்சிய அரைப் பங்கு

திருவொற்றியூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் ஓராண்டாக மென்பொருள் நேர்காணலுக்கு ஆயத்தமாகி வருகிறார். தந்தையார் துறைமுகத் தொழிலாளர். ஓய்வுபெறச் சில மாதங்களே உள்ளன. நிரல் கணக்குகள் பலவற்றை விடை பார்த்துப் பயின்றும், இரு நேர்காணல்களில் இளைஞருக்கு நா எழவில்லை.

"படித்தால் விளங்குகிறது, ஐயா, கேட்டால் வரவில்லை" என்றார்.

கணினி அறியாத நான் நன்னூலை நினைத்தேன். ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது கால் பங்கு. உடன்பயில்வாரொடு பழகிப் பெறுவது மற்றொரு கால். எஞ்சிய அரைப் பங்கு பிறர்க்கு விரித்துரைக்கும்போதே நிரம்பும் என்பது பவணந்தி முனிவர் கணக்கு. "எனக்குச் சொல்லிக் கொடு, தம்பி" என்றேன்.

இருமத் தேடலை எடுத்துக்கொண்டார். அகராதியை நடுவில் பிரித்து, தேடும் சொல் முன்னா பின்னா எனக் கண்டு, வேண்டாப் பாதியை விலக்கும் முறை அது. பத்து முறை விலக்கினால் ஆயிரம் பக்கமும் ஒன்றாகச் சுருங்கும்.

"அந்த ஒரு பக்கத்தையும் பார்ப்பாயா?" என்றேன். (என் கேள்விகள் பெரும்பாலும் அசட்டுக் கேள்விகளே.) அவர் திகைத்து நின்றார். அவர் எழுதிய நிரல் கடைசிப் பக்கத்தைப் பாராமலே 'இல்லை' என்றிருந்தது.

நாணுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஜாவா மொழியின் நூலகத்தில் இதே தேடலில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரு பிழை மறைந்திருந்தது. நடுவைக் காண இரு எண்களைக் கூட்டும்போது, தொகை கொள்ளளவை மீறிவிடும். 2006இல் அதை வெளியிட்டுரைத்தவர், அந்நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக்கே.

இப்போது மாலைதோறும் அவர் சொல்கிறார், நான் குறுக்கிடுகிறேன். எண்ணூர் நண்பர் ஒருவரும் வந்து அமர்கிறார். வரும் வியாழனன்று அடுத்த நேர்காணல்.