மேட்டின் மழை, பள்ளத்தின் வெள்ளம்



1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபின், நெரிசலற்ற குடியிருப்பாகத் திட்டமிட்டு வளர்க்கப்பட்டது மல்லேஸ்வரம். அதன் சம்பிகே சாலைக்குச் செண்பக மரமும், மார்கோசா சாலைக்கு வேப்ப மரமும் பெயர் தந்தன. அதே வேளையில் வீடுகளின் பின்புறம் கன்சர்வன்சி சந்துகள் அமைக்கப்பட்டன. எடுப்புக் கழிப்பறைகளின் மலத்தைச் சுமக்கும் தொழிலாளர்கள் முன்வாசல் பக்கம் வராதிருக்கவே அந்த ஏற்பாடு. நகரின் வரைபடத்திலேயே சாதி இடம்பெற்றது.

பாதாளச் சாக்கடை வந்தபின் கைவிடப்பட்ட அந்தச் சந்துகளில் குப்பை குவிந்தது. அண்மை ஆண்டுகளில் சிலவற்றைக் குடியிருப்போர் சீரமைத்து நடைபாதைகளாக்கியுள்ளனர். இது வரவேற்கத்தக்கது. ஆயினும் சுவருக்கு வண்ணம் பூசுவதோடு பணி முடிந்துவிடலாகாது.

மல்லேஸ்வரம் மேட்டுநிலம். விருஷபாவதி ஆற்றின் தொடக்கங்களுள் ஒன்று காடு மல்லேஸ்வரர் கோயிலருகே இருந்ததாகக் கூறப்படுகிறது. இங்கே மண்ணில் இறங்காத மழைநீர், ராஜகாலுவே எனப்படும் பெருவடிகால்களில் பாய்ந்து, தாழ்நிலத்தில் வாழும் உழைப்பாளிகளின் வீடுகளில் புகுகிறது. முதலாளித்துவம் நகரச் சீர்கேட்டைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றிவைக்கிறது என்று வீட்டுவசதிப் பிரச்சினை குறித்து 1872-இல் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டினார். அது வெள்ளத்துக்கும் பொருந்தும்.

மாற்றுவழி எளியது. முதலில் மழைநீரில் சாக்கடை கலப்பதைத் தடுக்க வேண்டும். பின்னர் சந்துகளில் நீர் இறங்கும் தளம், ஓரத்தில் சரளையும் மணலும் நிரப்பிய பள்ளம், அதில் ஆழ வேரோடும் வெட்டிவேர், அகலமான இடங்களில் புங்கமும் வேம்பும் வேண்டும். நாட்டு மரஞ்செடிகள் வேரூன்றியபின் குழாய்நீரை அதிகம் நாடுவதில்லை. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேலேற்றிப் பருகும் நகரத்துக்கு இது முக்கியம். பெரிய மனைகளில் மழைநீர் சேகரிப்பை 2009-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமும் கட்டாயமாக்கியுள்ளது.

ஆனால் அப்பள்ளங்களில் சேரும் வண்டலை அள்ளப்போவது யார்? 2022 ஜூலையில் பணி நிரந்தரம் கோரி வேலைநிறுத்தம் செய்த பௌரகார்மிகர்கள்தாம். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் பாதுகாப்புக் கருவிகளும் இன்றி இந்த வேலையும் அவர்கள்மீது சுமத்தப்பட்டால், பழைய சந்தின் அநீதி செடிகளுக்கு நடுவே தொடரும்.

எனவே மூன்று கோரிக்கைகள் ஒன்றாக எழுப்பப்பட வேண்டும்: மேட்டின் மழை மேட்டிலேயே மண்ணில் இறங்கட்டும்; வடிகால் நிதி தாழ்நிலக் குடியிருப்புகளிலிருந்து செலவிடப்படட்டும்; வார்டு குழுக்களில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இடம் கிடைக்கட்டும்.