ஊசியின் ஆழம்

ஊசி என்றதும் நாம் வலியை நினைக்கின்றோமேயன்றி, அதன் ஆழத்தை நினைப்பதில்லை. மருந்து இன்னதென்பது போலவே, அஃது உடம்பில் எவ்விடத்தில் தங்க வேண்டும் என்பதும் மருத்துவத்தில் முக்கியமாகும்.

மேல்தோல், அதன்கீழ் உள்தோல், அதற்கும் கீழே கொழுப்புப் படலம், பின்னர் தசை என உடம்பின் புறம் அடுக்கடுக்காய் அமைந்துள்ளது. இன்சுலினைக் கொழுப்புப் படலத்தில் செலுத்துவர். அங்கிருந்து அது மெல்லக் குருதியிற் சேரும். இரணஜன்னித் தடுப்பூசியைத் தசையில் செங்குத்தாக இடுவர். உடனே பயன் வேண்டுமாயின் சிரையில் ஏற்றுவர்.

உள்தோல் ஊசியோ இவற்றினின்றும் வேறானது. ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கியிருக்க, தோலோடு ஏறத்தாழப் படுத்தவாறு, 10 முதல் 15 பாகைச் சாய்வில் செலுத்துவர். மருந்து பெரும்பாலும் 0.1 மில்லி லிட்டர். இரண்டு துளி என்னலாம். உடனே வெளிறிய சிறு கொப்புளம் எழும். எழாவிடில் மருந்து ஆழத்திற்குச் சென்றுவிட்டதென்று கொள்ளலாம். நோய்க்கிருமியை இனங்காணும் காவல் அணுக்கள் தோலில் மிகுதி. ஆதலால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உள்தோலில் இடுங்கால் குறைந்த மருந்தே போதுமாகிறது.

பிரெஞ்சு மருத்துவர் மாந்தூ 1908-ஆம் ஆண்டில் அறிவித்த காசநோய்ச் சோதனையும் இவ்வகையதே. முன்கையில் ஊசியிட்டு, 48 முதல் 72 மணி நேரத்திற்குள் தடிப்பை அளக்க வேண்டும், சிவப்பை அன்று. தடிப்பு மிகுந்தால் கிருமி உடம்பிற் புகுந்துள்ளது என்பதே பொருள். நோய் உண்டா என்பதை மேலும் ஆராய்ந்தே கூறவியலும்.

நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், தந்தைக்குக் காசநோய் கண்ட மாணவி ஒருத்திக்கு இச்சோதனை செய்தனர். மூன்றாம் நாள் திருவிழாவுக்கென்று அவளை ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டனர். திரும்பியபோது அளப்பதற்குத் தடிப்பு இல்லை. சோதனையை மறுபடி செய்ய நேர்ந்தது. நாளைக் குறித்துச் சொல்லி அனுப்பாத பிழை என்னுடையதே.

பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் இடும் பி.சி.ஜி. ஊசியும் உள்தோலுக்குரியது. சில வாரங்களில் அவ்விடத்தே சிறு கட்டி எழுந்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும். தாய்மார்கள் அஞ்சி மஞ்சளோ களிம்போ பூச வேண்டுவதில்லை, பிதுக்கவும் கூடாது. அக்குளில் நெறி கட்டினாலோ, புண் பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுக.

ஊசி போட்டவுடன் தேய்த்துவிடுவது நம் வழக்கம். உள்தோல் ஊசிக்கு அவ்வழக்கம் ஆகாது. அவ்விடத்தைத் தொடாது விடுங்கள். வரச் சொன்ன நாளில் தவறாது செல்லுங்கள்.