பருந்தடி பட்ட கோழி

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம்மவர் வீட்டுக் கொல்லைகளில் இரண்டு மூன்று கோழிகள் மேய்வதைப் பல தெருக்களிலும் காணலாம். எல்லாமே அடுப்பங்கரைக்கென்று வளர்க்கப்படுவன அல்ல. குழந்தைகள் பெயரிட்டு அழைத்து, உள்ளங்கையில் நொய் வைத்து ஊட்டி வளர்த்தவையும் அவற்றுள் உண்டு. அத்தகைய ஒன்றைப் பருந்து அடித்துப் போட்டால், அந்த வீட்டில் அன்று உலை கொதித்தும் உண்பாரில்லை.

சேஷாசலக் காடுகள் திருப்பதிக்குத் தலைமாட்டிலேயே நிற்கின்றன. அவற்றின் ஒரு பகுதி 1989ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. அங்கு உலவும் பறவைக்குக் காடும் கொல்லையும் ஒன்றுதான். புறா அளவே உள்ள வல்லூறு பெரும்பாலும் குஞ்சுகளை நாடும். வளர்ந்த கோழியின்மீது பாய்வன இராசாளி போன்ற பெரும் பறவைகள். குஞ்சைக் காக்க எதிர்த்து நின்ற தாய்க்கோழி, முதுகில் நகக்காயத்தோடு தப்புவதும் உண்டு.

“இனிப் பிழைக்காது, குழம்பு வைத்துவிடுங்கள்” என்று அண்டை வீட்டார் சொல்வர். இதை நாம் ஒப்புவதற்கில்லை. முதுகுத் தோல் அகலக் கிழிந்து தசை தெரியும் கோழிகூட நல்ல கவனிப்பில் தேறிவிடுகிறது. பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் ஊசித் துளையே அஞ்சத்தக்கது. பருந்தின் நகம் வளைந்து கூரியது. அது தோலில் சிறு வாயும் உள்ளே ஆழமான புண்ணும் உண்டாக்குகிறது. வாய் விரைவில் மூடிக்கொள்ள, அழுக்கு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கிறது.

இரத்தம் வடிந்தால் தூய துணியைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன்பின், வேறு மருந்தைத் தேடுமுன், கோழிக்கு அமைதி வேண்டும்; அதிர்ச்சியாலேயே மடியும் கோழிகள் உண்டு. துணியால் தளர்வாகச் சுற்றி எடுக்கலாம், நெஞ்சை இறுக்கலாகாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு நிகழும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில், வெதுவெதுப்பான அரையிருளில், தனியே வைக்க வேண்டும். இரத்தம் கண்டால் மற்றக் கோழிகள் அதையே கொத்தும். துவண்டு கிடக்கும் கோழியின் அலகில் நீரூற்றுவது அன்பினால் செய்யும் தீங்கு. நீர் மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

கோழி தெளிந்தபின் இறகுகளை விலக்கிக் கழுத்து, முதுகு, இறக்கையடி அனைத்தையும் பார்க்க வேண்டும். ஒரு துளை கண்டால் அருகே இன்னொன்றும் இருக்கும். பிடித்த கால் ஒரே நகமுடையதன்றே! ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பிட்டுக் காய்ச்சி ஆறவைத்து மேற்புண்ணைக் கழுவலாம். ஆழ்ந்த துளைக்குள் அதைப் பீச்சலாகாது. கோழியின் உடலில் பரந்துள்ள காற்றுப்பைகளில் நீர் புகக்கூடும்.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாவிட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் விடமாட்டார்கள். மேற்கீறலுக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஆழ்ந்த புண்ணில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்து அடைப்பது, அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும். அதைவிட ஈயைத் தடுப்பதில் முயற்சி செலுத்துதல் நன்று. நம் வெயிலில் மூடாத புண் ஒரே நாளில் புழு வைத்துவிடும்; ஆதலின் பெட்டியின்மேல் கொசுவலைத் துணி அவசியம்.

மூச்சுத் திணறல், தோலுக்கடியில் காற்று நிரம்பி நொறுநொறுத்தல், இரைப்பை கிழிந்து தின்ற தானியம் வெளிவருதல், இவற்றுள் ஒன்று காணினும் வைத்தியரிடம் செல்ல வேண்டும். புதிதாக வந்த நம்மவர் சிலர் ‘பசு வைத்தியசாலை’ என்ற தெலுங்குப் பலகையைக் கண்டு, அது மாட்டுக்கு மட்டும் உரியதென்று திரும்பிவிடுகின்றனர். அங்கே கோழியையும் பார்ப்பார்கள். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். கோழியின் விலையைவிடச் செலவு மிகுமே என்று கேட்பார் உண்டு. பெயர் வைத்த குழந்தையிடம் அக்கணக்கைச் சொல்லிப் பார்க்கட்டும். வைத்தியர் நோய்க்கிருமிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்பதையும் கேட்டறிவது நல்லது.

சினத்தில் பருந்தின்மீது கல்லெறிவதும் கண்ணி வைப்பதும் கூடா. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல் தந்துள்ளது. கொல்லைக்கு மேலே வலை கட்டினால் போதும். காட்டுப் பறவைகள் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவரக்கூடும். ஆகையால் புண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

புண் ஆறியதும் கோழியை உடனே கூட்டத்தில் விட்டால், பழைய தோழிகளே அந்நியமாக எண்ணி விரட்டும். சில நாள் கம்பிவலைக்கு அப்பால் வைத்து முகம் பழகச் செய்து, பின்பு ஓர் இரவில், யாவும் கூட்டில் அடைந்தபின், மெல்லக் கொண்டுபோய் நடுவே அமர்த்திவிடலாம்.