பறைக்கு மேடை கிடைத்தால் போதுமா?

(விளாங்குடியில் செய்த சொற்பொழிவு)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு பாட்டுக் குழுவின் சரித்திரமாகும். பாட்டைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ராகமும் சுரமும் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகள் என்பது வாஸ்தவமே. ஆனால் இன்ன வாத்தியத்தை இன்ன ஜாதியான்தான் கொட்டவேண்டும், அதையும் தெருக்கோடியில் நின்றுதான் கொட்டவேண்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்களே, அது எந்த ராகத்தில் சேர்ந்தது? அது மனிதனுடைய மானத்தைச் சேர்ந்த விஷயமாதலால் அதைப் பற்றிப் பேச நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அக்குழுவின் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது. ஜாதியற்றவர்களின் கூட்டம் என்று அதற்குப் பொருள். ஜாதியில்லாத தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் சொல்லிவந்த கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் சங்கீதக்காரரான டென்மாவும் முயன்று 2017ல் ஆட்களைச் சேர்த்தார்கள். 2018 ஜனவரி 6ந் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. குழுவில் 19 பேர். வடசென்னைச் சேரிகளில் சாவு வீட்டில் இராமுழுதும் பாடப்பட்டுவந்த கானாவும், பறையும், சட்டியும், கட்டை மோளமும், வெள்ளைக்காரர் நாட்டுக் கிட்டாரும், ராப் என்னும் பேச்சுப் பாட்டும் ஒரே மேடையில் கூடின. பாடியவர்களும் கொட்டியவர்களும் கோட்டும் சூட்டும் தரித்து நின்றார்கள். மேலே துண்டு போடாதே, காலில் செருப்புப் போடாதே என்று ஊர்க் கட்டுப்பாடு வைத்திருந்த நாட்டில் அந்தக் கோட்டுக்கு ஓர் அர்த்தமுண்டு.

அவர்கள் பாடியதுதான் என்ன? ராதை கண்ணனுக்காக ஏங்கியதையா, முருகன் மயிலேறி வந்ததையா? இல்லை. இட ஒதுக்கீடு எதற்காக வேண்டும் என்று பாடினார்கள். மாட்டுக்கறி தின்பவனை ஏன் இழிவாய்ப் பார்க்கிறாய் என்று பாடினார்கள். அம்பேத்கரைப் பாடினார்கள். சினிமாக்காரர் படம் எடுத்தால்தான் தமிழில் பாட்டுப் பிழைக்கும் என்றிருக்கும் நாட்டில், எந்தச் சினிமாக் கதாநாயகனுடைய வாயசைப்புக்கும் காத்திராமல் சுயேச்சையாகப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

உடனே சில பெரிய மனிதர்கள், "சங்கீதம் மனதுக்கு இன்பம் தருவது, அதில் ஜாதியையும் அரசியலையும் ஏன் கலக்க வேண்டும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தோழர்களே! கலந்தது யார்? இன்னான் வாசித்தால் உள்ளே, இன்னான் வாசித்தால் வெளியே என்று வைத்த நாளிலேயே கலந்தாய்விட்டது. கலந்தவனை விட்டுவிட்டுச் சுட்டிக்காட்டுகிறவனைக் கோபிப்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வி நம் நாட்டில் மாத்திரம் எழுந்ததல்ல. இங்கிலாந்திலும் எழுந்தது. 1976ஆம் வருஷ வாக்கில் அங்கே 'பங்க்' என்ற பாட்டுமுறை கிளம்பிற்று. பெரிய வித்தை கற்றுத் தேறினவன்தான் மேடையேறலாம் என்ற கட்டுப்பாட்டை அது உடைத்தது. அதற்குப் பின் வந்ததைப் 'போஸ்ட் பங்க்' என்கிறார்கள். 1978 ஏப்ரல் 30ந் தேதி லண்டனில் நிறவெறியைக் கண்டித்து வெள்ளையர் குழுக்களும் கறுப்பர் குழுக்களும் ஒரே மேடையில் பாடினார்கள். லீட்ஸ் நகரத்தில் தோன்றிய 'கேங் ஆஃப் ஃபோர்' என்ற போஸ்ட் பங்க் குழுவை 1979ல் பி.பி.சி. டெலிவிஷன் தன்னுடைய பிரபல நிகழ்ச்சிக்கு அழைத்தது. அவர்கள் பாட்டில் கர்ப்பத்தடைக்கான ரப்பர் உறையைக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது. அச்சொல்லை மாற்றச் சொன்னார்கள். அவர்கள் வேறொரு சொல் தருவதாகச் சொல்லியும், அது போதாது, தாங்கள் சொல்லும் சொல்லையே போடவேண்டும் என்றார்கள். குழுவினர் பாடாமலே வெளியேறிவிட்டார்கள். அந்த நிகழ்ச்சியில் ஒருதரம் தலைகாட்டினால் இசைத்தட்டுகள் ஏராளமாய் விற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் போனார்கள்.

நிற்க, நம்முடைய குழுவுக்கு வருவோம். அதில் பாடிய இசைவாணி என்ற பெண்ணைக் கவனியுங்கள். கானா என்றால் ஆண்பிள்ளைகளின் சொத்து என்றிருந்தது. அதை மீறிப் பாடிய அவரை 2020ல் பி.பி.சி. உலகத்தின் 100 பெண்களில் ஒருவராய்ப் பொறுக்கி எடுத்தது. சபரிமலைக்குப் பெண்கள் போகலாம் என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன காலத்தில், பெண்ணுக்கு உள்ளே வர ஏன் தடை என்று கேட்கும் ஒரு பாட்டை அவர் பாடினார். பல வருஷங்கழித்து, 2024 நவம்பரில், அப்பாட்டால் மனம் புண்பட்டுவிட்டது என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். அவருக்கு மிரட்டல்களும் வந்தன. ஒரு பெண் கேட்ட கேள்வியைத் தாங்கமாட்டாத பக்தி எவ்வளவு பலமுள்ள பக்தி என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்குழுவில் பாடிவந்த அறிவின் கதையும் அப்படியே. 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஊர் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்வு இருக்கிறது. உலகமெல்லாம் அப்பாட்டைக் கேட்டது. அவ்வருஷம் ஆகஸ்டில் ஒரு சங்கீதப் பத்திரிகை அதைப் பற்றியும், அறிவு எழுதிய இன்னொரு பாட்டைப் பற்றியும் பிரசுரித்தபோது, கூடப் பாடியவர்களின் படங்களை முகப்பில் போட்டது. அறிவின் படத்தைக் காணோம். ரஞ்சித் முதலானவர்கள் கேட்ட பிறகே அவருக்கென்று வேறொரு முகப்பு வந்தது. உழுதவன் பெயரை மறந்து நெல்லை மாத்திரம் புகழும் பழக்கம் வயலோடு நின்றுவிடவில்லை பார்த்தீர்களா?

இனி, பறை தோல் வாத்தியம், அதில் தீட்டு இருக்கிறது என்கிறார்களே, அதையும் பார்ப்போம். சபாக்களில் வித்வானுக்குப் பக்கத்தில் பட்டு ஜமக்காளத்தின் மேல் இருக்கிறதே மிருதங்கம், அது எதனால் ஆனது? மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல். தோலை உரித்துப் பதப்படுத்தி இழுத்துக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020ல் ஒரு புத்தகம் வெளியிட்டபோது, வெளியீட்டு விழாவுக்கு இடங்கொடுப்பதாயிருந்த கலாக்ஷேத்திரா அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஆகவே தீட்டு தோலில் இல்லை. தோல் யார் மடியில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பறையை நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகிச் சத்தம் கணீரென்று எழும்புகிறது. நெருப்பு அங்கே ஜாதி பார்க்கிறதா?

நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. சந்தோஷந்தான். ஆனால் பட்டம் ஒருவருக்கு. இழிவு ஊருக்கு ஊர் என்றிருந்தால் அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

தோழர்களே! திண்டுக்கல் ரோட்டிலுள்ள உங்கள் விளாங்குடி 2011ல் மதுரை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வரி பட்டணத்து வரியாகிவிட்டது. சாவு வீட்டு வழக்கம் பட்டணத்து வழக்கமாகிவிட்டதா? சுற்றுப்பட்டிகளில் பிணம் விழுந்தால் யாருக்கு ஆள் அனுப்புகிறார்கள்? வருகிறவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? அப்பன் வயதுள்ளவனைச் சின்னப் பையன் 'அடா' என்பதில்லையா? கூலியைப் பேசிக் கையில் கொடுக்கிறார்களா, அல்லது மிஞ்சினதை எறிகிறார்களா? வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்குச் சுதந்திரம் உண்டா? சென்னைக் கச்சேரியைச் செல்போனில் பார்த்துக் கைதட்டிவிட்டு, ஊரில் அதே பறையைக் கொட்டுகிறவனை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வாலிபன், கைதட்டினவனா, கைதட்டியதாய் வேஷம் போட்டவனா?

ஆதலால் நாம் கேட்பதெல்லாம் மூன்றே காரியங்கள். பறை கொட்டுவது ஒரு ஜாதியின் கடமை என்ற ஏற்பாடு அடியோடு ஒழியவேண்டும். இஷ்டமுள்ளவன் கொட்டலாம், இஷ்டமில்லாதவனை ஒருவரும் கூப்பிடக் கூடாது. கொட்டவருகிற தோழருக்கு முன்னதாகவே பேசிய கூலியும், மற்றவர்களுக்குப் போட்ட அதே நாற்காலியும், அதே தம்ளரும் கொடுக்கவேண்டும். எல்லா ஜாதிப் பிள்ளைகளும், பெண் குழந்தைகள் உட்பட, அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் கையிலெடுத்துப் பழகவேண்டும். எல்லார் கையிலும் பறை ஏறிவிட்டால் அப்புறம் அது எந்த ஜாதியின் வாத்தியம் என்று எவன் சொல்லுவான்?

அந்த 19 பேர் ஒரு மேடையில் ஒருநாள் சாயங்காலம் செய்துகாட்டியதை ஒரு ஊர் தினந்தோறும் செய்யமுடியாதா என்பதே நமது கேள்வி. நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்து உங்கள் தெருவில் பறைச் சத்தம் கேட்கும்போது வெளியே வந்து, கொட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை மாத்திரம் கண்ணால் பாருங்கள். பார்த்தபின் உங்கள் அறிவுக்கு எது நியாயமென்று படுகிறதோ, அதன்படி நடந்துகொள்ளுங்கள்.